ஈரத் தலையும் பாற்குடமும்

முதலில் கண்டது என் கணவர்தான். குளியலறையில் தண்ணீர் போகாமல் நின்றது. குனிந்து கம்பியால் கிண்டியவர், "இஞ்சாரும், இதுக்குள்ள எலி செத்துக் கிடக்குது" என்று கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தேன். எலி இல்லை, என் தலைமுடி.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். முருகன் காப்பாற்றிவிட்டான், எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். பிறகுதான் தலையணையில், சீப்பில், இடியப்பத் தட்டில்கூட முடி. உங்களுக்கும் இப்படி வந்திருந்தால், அந்தப் பயம் எனக்குத் தெரியும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. என் கணவருக்கு இருதய ஒப்பரேசன் நடந்தபோது, அவர் எழும்பி நடந்தால் கோயில் திருவிழாவில் பாற்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தேன். அவர் நடந்துவிட்டார். நான்தான் இன்னும் எடுக்கவில்லை. முதல் வருஷம் உறவில் ஒரு செத்தவீட்டுத் துடக்கு, கோயிலுக்குப் போகக் கூடாது; அடுத்த வருஷம் டெங்கு. இந்த முறையாவது எடுக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

முடி கொட்டுகிறது என்று தெரிந்ததும் ஆளாளுக்கு மருந்து சொன்னார்கள். கொட்டாஞ்சேனையில் இருக்கும் மச்சாள், செம்பருத்திப் பூப் போட்டு எண்ணெய் காய்ச்சி அனுப்பினா. கடைகள் நிறைந்த காலி வீதியில், போத்தலில் நீளமுடிப் பெண்ணின் படம் இருந்த ஷாம்பு எல்லாவற்றையும் வாங்கினேன். வெங்காய எண்ணெயும் பூசினேன்.

"அம்மா, உங்களோட பஸ்ஸில வர ஏலாது. பக்கத்தில இருக்கிற ஆளுக்குப் பசிக்கும்" என்றாள் மகள் வாணி.

வெள்ளிக்கிழமை வந்தால் விடியவே தலைமுழுகுவேன். காலைப் பூசைக்கு நேரமாகிவிடும். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போக முடியுமா? ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை போட்டு, மேலே எண்ணெயும் தடவிக்கொண்டு ஓடுவேன். கொஞ்ச நாளில் தலை முழுக்க அரிப்பு, செதில், பிறகு புண். சீப்புப் பட்டாலே உயிர் போனது. இந்தத் தலையில் பாற்குடம் எப்படி இருக்கும்?

வாணிதான் வெள்ளவத்தையில் ஒரு தோல் டொக்டரிடம் கூட்டிப்போனாள். பாவிக்கிற எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஒரு பை நிறையக் கொண்டுபோனேன். டொக்டர் ஒரு பெண்பிள்ளை, வாணியின் வயதுதான் இருக்கும், ஒவ்வொரு போத்தலாக மேசையில் எடுத்து வைத்தா.

"அம்மா, இவ்வளவையும் ஒரே தலையிலயோ வைக்கிறனீங்கள்?"

"ஓம் டொக்டர். ஒரு நாளைக்கு ஒண்டு."

"கடையில இதைவிடக் குறையத்தான் இருக்கும் டொக்டர்" என்றாள் வாணி.

முடி கொட்டுவதற்குப் பெயர் 'டெலோஜன் எஃப்லூவியம்' (பெரிய காய்ச்சலுக்குச் சில மாதம் கழித்து முடி கூட்டமாக உதிர்வது) என்றா. அது தானாகவே நிற்கும், முடி திரும்ப முளைக்கும். புண்ணுக்குக் காரணம் வேறு, 'செபோரிக் டெர்மடைட்டிஸ்' (எண்ணெய்ப்பசையில் ஒரு வகைப் பூஞ்சை பெருகித் தோல் சிவந்து செதிலாவது). என் வெள்ளிக்கிழமை வழக்கத்தைக் கேட்டதும் டொக்டர் சிரித்துவிட்டா.

"ஈரம், எண்ணெய், இறுக்கின கொண்டை. அம்மா, வெள்ளிக்கு வெள்ளி நீங்கள் பூஞ்சைக்கல்லோ பூசை செய்யிறீங்கள்!"

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு நேர்த்தியைச் சொன்னேன். அவ சிரிப்பை நிறுத்தினா.

"புண் ஆறினா எடுங்கோ. ஆறாட்டி நான் விடமாட்டன்."

அன்றிலிருந்து வைராக்கியமாகச் செய்தேன். ஷாம்பு தலைத்தோலுக்கு, கண்டிஷனர் முடியின் நுனிக்கு மட்டும் என்பதே அப்போதுதான் தெரியும். போத்தலில் உள்ள படத்தைப் பார்த்து வாங்கக் கூடாது, நம் தோல் எண்ணெய்ப்பசையா வறட்சியா என்று பார்த்து வாங்க வேண்டும். புதிது ஒன்று தொடங்கினால் அதை மட்டும் பாவிக்க வேண்டும். அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கிச் சிக்கெடுக்க வேண்டும். டொக்டர் எழுதித் தந்த மருந்து ஷாம்புவைப் பூசிச் சில நிமிடம் விட்டுத்தான் கழுவ வேண்டும். அந்த நேரத்துக்கு முருகன் பேரைச் சொல்லிக்கொண்டு நிற்பேன். "குளியலறைக்குள்ள என்னப்பா பசனை?" என்று வெளியிலிருந்து கேட்பார் கணவர்.

இரத்தத்தில் 'ஃபெரிட்டின்' (உடம்பு சேமித்து வைக்கும் இரும்புச்சத்து) குறைவாக இருந்ததால் விழுங்க இரும்புக் குளிசையும் தந்தா. விரதத்தை விடச் சொல்லவில்லை, பட்டினியை விடச் சொன்னா. பருப்பும் கீரையும் சாப்பிட்டே விரதம் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைச் சிக்கலைக் கணவர் தீர்த்தார். "காலமை முழுகும், தலை காயட்டும், பின்னேரப் பூசைக்குப் போவம். முருகன் பின்னேரமும் அங்கதான் நிப்பார்."

திருவிழாவுக்கு முன் டொக்டரிடம் போனேன். முடியை விலக்கி விலக்கி அவ பார்த்தா.

"எடுங்கோ அம்மா. சும்மாட்டை மட்டும் மெத்தெண்டு வையுங்கோ."

அவவைக் கட்டிப் பிடித்துவிட்டேன்.

பாற்குடம் காலையில்தான் எடுக்க வேண்டும். முழுகிவிட்டு வந்ததும், கணவர் வாணியின் ஹெயார் டிரையரோடு நின்றார். குறைந்த சூட்டில், எட்டப் பிடித்து, பொறுமையாக உலர்த்தினார். "சுடுதோ, சுடுதோ" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். நெற்றியோரம் முளைத்த குட்டி முடிகள் படியாமல் எழும்பி நின்றன. "அம்மாக்குக் கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கு" என்றாள் வாணி.

வீதி சுற்றும்போது குடத்திலிருந்து பால் கசிந்து, சும்மாட்டைத் தாண்டி உச்சியில் இறங்கியது. எரியவில்லை. குளிர்ந்தது. இத்தனை வயதுவரை முடியைத்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அதற்குக் கீழே தோல் ஒன்று உயிரோடு இருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

முடி மெதுவாகத்தான் வளரும் என்று டொக்டர் சொன்னதிலிருந்து, தலைவாரும்போது ஒரு நினைப்பு வருகிறது. வேரில் இருப்பது இந்த மாதம். விரல் நீளக் குட்டி முடிகள் டெங்குவுக்குப் பிறகு வந்தவை. தோளுக்குக் கீழே தொங்கும் நுனி, அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது முளைத்தது. சீப்பு இறங்க இறங்க நாட்கள் பின்னோக்கிப் போகின்றன.

நுனி பிளந்துபோயிருக்கிறது, வெட்டிவிடுங்கோ என்கிறாள் வாணி. சரி, வெட்டட்டும். நேர்த்தி முடிந்துவிட்டது.