ராணி பாட்டு முடியும்வரை

சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டில் நாங்கள் வழக்கமாகப் படம் பார்க்கும் கொட்டகையில் வாசல் காக்கும் ஒருவர் இருந்தார். காக்கிச் சட்டை, முறுக்கிய மீசை. பேசும்போதெல்லாம் சட்டையின் பித்தளைப் பொத்தான்களைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே இருப்பார்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. படம் முடிந்ததும் இங்கிலாந்து ராணியை வாழ்த்தும் ராணி பாட்டு போடுவார்கள். எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். நழுவப் பார்ப்பவர்களைத் தடுப்பது அவர் வேலை.

ஒருநாள் மதியக் காட்சி முடியும் நேரத்தில் என் சின்ன மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு ஓடினேன். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. அவர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"அண்ணே, பிள்ளைக்கு மூச்சு திணறுது. வழி விடுங்க."

"பாட்டு முடியட்டும்லா."

"அந்த ராணி உங்களை என்னைக்காவது பாத்திருக்காங்களா?"

அவர் கோபப்படவில்லை. பொத்தானைத் துடைத்தபடி நிதானமாகச் சொன்னார்: "இல்ல. ஆனா அவங்க பாட்டு ஓடுற வரைக்கும் இந்தக் கதவு எனக்குச் சொந்தம்."

பாட்டு முடிந்தது. அவரே கூட்டத்தை ஒதுக்கி, மூன்று சக்கர மிதிவண்டியான டிரைஷா ஒன்றைக் கூப்பிட்டு எங்களை ஏற்றிவிட்டார். "சீக்கிரம் டாக்டர்கிட்ட போங்க தங்கச்சி" என்றார். குரலில் உண்மையான கவலை இருந்தது.

மகள் பிழைத்துக்கொண்டாள். சில வருடங்களில் அந்த ஆட்சி போனது, பாட்டும் நின்றது. ராணிமேல் எனக்கு இப்போது கோபமில்லை. அந்த மனிதரைத்தான் மன்னிக்க முடியவில்லை. அவ்வளவு இரக்கம் உள்ளவர் எப்படி அந்தக் கையை இறக்காமல் நின்றார் என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை.