பருப்பு வேகிற வீடு

வீடு பார்க்கப் போகிறவர்கள் வாசல் எந்தத் திசை, பத்திரம் சுத்தமா என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆம்பூர் பக்கத்தில் அதற்கும் முன்னால் குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்ப்போம். தோல் பதனிடும் டேனரிகள் இருக்கிற ஊர். ஒரு தெருவில் தண்ணீர் நன்றாக இருக்கும், அடுத்த தெருவில் வாயில் வைக்க முடியாது.

என் மனைவிக்கு அந்த ஒரு வாய் போதாது. கைப்பையில் காலி பாட்டில் வைத்திருப்பாள். குழாயில் பிடித்து வந்து, மறுநாள் அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பை வேகவைப்பாள். குக்கர் கிடையாது, திறந்த பாத்திரம்தான். பருப்பு குழைந்தால் வீடு பாஸ். விறைத்துக்கொண்டு நின்றால், தரையெல்லாம் பளிங்கு போட்டிருந்தாலும் ஃபெயில்.

அவளைக் குறை சொல்ல முடியாது. ஏலகிரி அடிவாரத்தில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, நான் வேலை செய்யும் ஷூ கம்பெனிக்குப் பின்னால் வாடகை வீட்டில், கேன் தண்ணீரில் சமைத்து உப்புத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தாள். சொந்த வீட்டில் குழாயைத் திறந்து உலை வைக்க வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

பெரிய டவுனை ஒட்டிய பாகாயம் பக்கம் விலையைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிவிட்டோம். எங்களுக்கு மிச்சமிருந்தவை ஆம்பூருக்கு வெளியே, யாரும் ஏறிட்டுப் பார்க்காத நகர்கள். அங்கே எல்லா ரகமும் உண்டு. துபாய் பணத்தில் பச்சைக் கண்ணாடி பதித்த மாடி வீடு, அதை ஒட்டியே ஷீட் போட்ட ஒற்றை அறை, நெல் வயலில் கல் நட்டுப் பிரித்த மனைகள், பாதியில் நின்று கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் தூண்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் இதே வேலை. பாட்டிலைக் கண்டாலே தரகருக்கு எரிச்சல் வரும். "இன்னா சார், வூடு வாங்க வந்தீங்களா, தண்ணி வாங்க வந்தீங்களா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனாலும் அவர் கேட்டபோது சுர்ரென்று கோபம் வந்தது.

கடைசியில் ஊர் ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு அமைந்தது. தோல் வியாபாரத்தை விட்டு ஓய்ந்திருந்த ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். சமையலறையில் இரண்டு பக்கமும் ஜன்னல். பாட்டில் நிறைந்தது. மறுநாள் பருப்பு வெண்ணெயாக வெந்தது. அதைக் கரண்டியால் மசித்துக் காட்டியபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு அட்வான்ஸ் கொடுக்கப் போனோம். நாங்கள் முன்னறையில் பேசிக்கொண்டிருக்க, வீட்டுக்கார அம்மா என் மனைவியை உள்ளே கூப்பிட்டார். திரும்பி வந்தவள், கிளம்பலாம் என்றாள். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். தரகர் என்னைப் பார்க்கவே இல்லை.

தெருமுனையில்தான் விஷயத்தைச் சொன்னாள். பாட்டில் வருகிறது என்று தரகர் முன்கூட்டியே சொல்லி, மாடித் தொட்டியில் லாரித் தண்ணீரை நிரப்ப வைத்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "எங்க போர் தண்ணில பருப்பு வேகாதும்மா. நீ பாட்டில நெஞ்சோட அணைச்சி எடுத்துனு போனதப் பாத்தேன், மனசு கேக்கல. ஏரிக்கு அந்தாண்ட தெருக்கோடி வூடு ஒண்ணு விக்கிறாங்க. அதப் போய்ப் பாரு."

நான் தரகரைத் திட்டித் தீர்த்தேன். அவள் வண்டியை ஏரிக்கு அந்தப் பக்கம் விடச் சொன்னாள். சுண்ணாம்பு உதிர்ந்த சின்ன வீடு. இந்த முறை தொட்டியை நம்பாமல், மோட்டாரைப் போட்டு நேராக போர் குழாயிலேயே பிடித்தாள். பருப்பு வெந்தது. வாங்கிவிட்டோம்.

பால் காய்ச்சும் அன்று அந்த அம்மாவையும் கூப்பிட்டிருந்தோம். வந்தவர், யாரும் காட்டாமலே சமையலறைக்குப் போனார். விளக்கு ஸ்விட்ச் கதவுக்குப் பின்னால் மறைந்திருக்கும். நானே தடவித்தான் கண்டுபிடிப்பேன். அவர் கை நேராக அங்கே போனது. பிறகு குழாயைத் திறந்து, உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார்.

"அக்கா, இந்த வூட்ட முன்னாடியே பாத்திருக்கீங்களா?" என்றாள் என் மனைவி.

"நாங்க வாங்கறதுக்குப் பாத்து வெச்ச வூடும்மா. எங்க வூடு வித்தாதான இத வாங்கறது" என்றவர், எங்களைப் பேசவிடாமல், பால் பொங்குவதைப் பார்க்கச் சொன்னார்.

அவர்கள் வீடு இன்னும் விற்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் என் மனைவி ஒரு கேன் நிறையத் தண்ணீர் பிடித்து வைக்கிறாள். நான் ஏரியைச் சுற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருகிறேன். "உங்க வூட்டுத் தண்ணி வந்துட்டுது" என்று உள்ளே இருக்கும் கணவரிடம் சொல்லிக்கொண்டேதான் அந்த அம்மா வாங்கிக்கொள்கிறார். அந்த 'உங்க வூட்டு' என்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.