நிற்காத பஸ்ஸைப் பற்றி ரேடியோவில் பேசினேன்

எங்கள் ரைஸ்மில் ஸ்டாப்பிங்கில் சாயங்கால பஸ் பாதி நாள் நிற்காது. ஊர்க் குறைகளைப் பேசும் ரேடியோ நிகழ்ச்சியில் இதைச் சொல்லிவிட ஒரு வாரமாகப் போன் போட்டேன். கடைசியில், கள்ளக்குறிச்சியில் என் தையல் கடையைப் பூட்டிவிட்டு அதே பஸ்ஸில் திரும்பும்போது லைன் கிடைத்தது.

விடுவேனா? "எங்க ஸ்டாப்பிங்ல நிக்காம பறந்துகினு போறாங்க சார். நாங்கள்லாம் மனுஷங்க இல்லையா?" என்று பொரிந்து தள்ளினேன். திடீரென்று டிரைவர் தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் என் குரலே கேட்டது! அவர் அந்த நிகழ்ச்சியைத்தான் வைத்திருந்தார். மொத்த பஸ்ஸும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

கண்டக்டர் நேராக என்னிடம் வந்தார்.

"இன்னாக்கா இது? ரைஸ்மில்லுல நிறுத்தி மூணு தபா கத்துனேன். நீங்க போன்ல பேசிக்கினே இருந்தீங்க. இப்போ ரெண்டு ஸ்டாப்பிங் தாண்டியாச்சு!"

போனை நான் இன்னும் வைக்கவில்லை. அவர் சொன்னதும் ரேடியோவில் போய்விட்டது. நிகழ்ச்சி நடத்துபவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பஸ் நின்னுச்சாம்மா?" என்றார். பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. அங்கேயே இறங்கி, நானும் சிரித்துக்கொண்டே வீடுவரை நடந்தேன்.

இப்போதெல்லாம் இறங்கும்வரை போனைப் பையிலிருந்து எடுப்பதில்லை. பஸ்ஸும் தினமும் நிற்கிறது. "ரேடியோ அக்கா எறங்கிட்டாங்களா?" என்று டிரைவர் சத்தமாகக் கேட்ட பிறகுதான் கிளம்புகிறது.

- ஒரு வாசகி, மூங்கில்துறைப்பட்டு