ரங்கிடோடோ உச்சியில் அசைந்த பை

எரிமலைத் தீவான ரங்கிடோடோவுக்கு ஆக்லாந்தில் படகேறும் முன், வழிகாட்டிப் பெண் எல்லோரையும் பையைத் திறந்து பார்க்கச் சொன்னார். எலி ஒன்றுகூட அங்கே போய்விடக் கூடாதாம். முந்தின இரவே கட்டி வீட்டுக் கராஜில் வைத்திருந்த என் பையைத் திறக்காமலே, "பார்த்துவிட்டேன்" என்றேன்.

மலையுச்சியில் பைக்குள் ஏதோ ஓடியது. ஜிப்பை இறுகப் பிடித்தேன்.

"பேசாம திறந்து விட்டுடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்று கணவர் கிசுகிசுத்தார்.

அந்நேரம் வழிகாட்டி கிளையில் ஒரு பறவையைக் காட்டினார். "எலிகளை ஒழித்த பிறகுதான் இது திரும்பி வந்தது."

வழிகாட்டியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. மழைக்கோட்டால் பையைச் சுற்றிக் கட்டினார். அவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இறங்கினோம்.

படகில் திரும்பி ஆக்லாந்து கரையில் பையைத் திறந்தபோது உள்ளே ஒரு சினை எலி.

"நல்லவேளை, சொன்னீர்கள்" என்று வழிகாட்டி என் கையைப் பிடித்தார். எனக்குக் கூசியது. கணவர் சொன்னதுமே என் விரல்கள் ஜிப்பை இழுக்கத் தொடங்கியிருந்ததை இன்றுதான் சொல்கிறேன்.