வழிமொழிய ஒருவர்

எங்கள் இளைஞர் கழகத்துக்கு நான் நான்கு வருடம் செயலாளராக இருந்தேன். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். வாசிகசாலைப் பூட்டின் திறப்பை வாங்கி வருவது, கதிரைகளைப் போடுவது, கூட்டம் முடிந்ததும் நடந்ததை அறிக்கைப் புத்தகத்தில் எழுதுவது, இவ்வளவுதான். இதில் எழுதும் வேலைதான் எனக்குப் பிடித்தது. என் எழுத்து வடிவு என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சினால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கூட்டம் நடத்துவதில் எங்கள் ஆட்கள் மகா சூரர்கள். ஆறு பேர் கூடினாலும் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். தேநீரோடு வடையா பிஸ்கட்டா என்பதைக்கூட அப்படித்தான் முடிவெடுப்போம். வழிமொழிய ஆள் இல்லாவிட்டால் சொன்னது சொல்லாததாகிவிடும், புத்தகத்தில் ஏறாது. ஏறுகிற தீர்மானங்கள் எல்லாம் ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று முடியும். வடைக்கும் அதே சொல்தான்.

அந்த வருடம் விளையாட்டு விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, பக்கத்து இராணுவ முகாமிலிருந்து ஓர் அதிகாரி கழகத்துக்கு வந்தார். மரியாதையான மனிதர். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். விழாவுக்குக் கூடாரம், ஒலிபெருக்கி, குளிர்பானம், எல்லோருக்கும் போட்டுக்கொள்ள ரீசேட், அத்தனையும் தாங்கள் தருவதாகச் சொன்னார். ரீசேட்டின் முதுகில் தங்கள் சின்னம் இருக்கும், அவ்வளவுதான். பங்குபற்றுகிறவர்களின் விபரம் மட்டும் வேண்டும் என்று ஒரு படிவத்தை என்னிடம் நீட்டினார். பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், ரீசேட் அளவு.

அடையாள அட்டை இலக்கத்தை வைத்து எந்தத் தையற்காரன் அளவெடுக்கிறான்? அவர் போன பிறகுதான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது. நான் எப்போதும் அப்படித்தான். கெட்டித்தனம் எல்லாம் படலை சாத்திய பிறகுதான் வரும்.

அடுத்த நாள் மருதனார்மடச் சந்தியில் என் சிநேகிதியிடம் இதைச் சொன்னேன். நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்குப் பக்கத்தில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நின்றோம். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். அவள் வீட்டார் வடக்குக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து உடுவிலில் வாடகைக்கு இருப்பவர்கள். அவர்களுடைய காணியும் கிணறும் இன்னும் முகாம் வேலிக்குள் கிடக்கின்றன.

“எங்கடை பிள்ளையளின்ரை விபரத்தை என்ரை கையாலை எழுதி ஆமிக்குக் குடுக்கிறதோ? என்னாலை ஏலாதடி.”

“நீ சொல்லுறது சரிதான். கூட்டத்திலை எழும்பிக் கதை. நான் வழிமொழியிறன்.”

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எழும்பினேன். இல்லாவிட்டால் எழும்பியிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கூட்டத்தில் பதினெட்டுப் பேர் இருந்தோம். நான் பேசினேன். “அவை நல்லவையோ கெட்டவையோ எண்டு நான் கதைக்க வரேல்லை. எங்கடை விளையாட்டுக்கும் ஆமிக்கும் என்ன தொடர்பு? எங்கடை முதுகிலை ஏன் அவையின்ரை சின்னம்? விபரம் ஏன் முகாமுக்குப் போகவேணும்? விழாவைச் சின்னனாச் செய்வம். ரீசேட் இல்லாமலும் ஓடலாம்தானே?”

“வெறும் மேலோடையோ ஓடச் சொல்லுறியள்?” என்றான் பின்வரிசையில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது, அதுதான் கேவலம்.

தலைவர் அண்ணை சிரிக்கவில்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், கெட்ட மனிதர் இல்லை. “உதிலை என்ன கிடக்கு, தங்கச்சி? பந்தடிக்கத்தானே தாறினம். வேண்டாமெண்டு சொன்னால் அதையும் அவை குறிச்சு வைப்பினம். சரி, செயலாளரின்ரை பிரேரணையை ஆர் வழிமொழியிறியள்?”

நான் என் சிநேகிதியைப் பார்த்தேன். அவள் தொலைபேசியின் உறையைக் கழற்றினாள், திரும்பப் போட்டாள், மறுபடி கழற்றினாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

“ஒருத்தரும் இல்லை. அப்ப அது விழுந்துது,” என்றார் தலைவர். அனுசரணையை ஏற்பதற்குக் கையுயர்த்தச் சொன்னபோது என் கை மட்டும் கீழே கிடந்தது.

திரும்பி வரும்போது அவள் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்தாள். “இந்த முறை ஆமி விடுற காணிப் பட்டியலிலை எங்கடையும் வருமெண்டு சொல்லியிருக்கினம். அம்மா ஒவ்வொரு நாளும் கேக்கிறா. நான் எப்பிடியடி கையைத் தூக்கிறது?” என்றாள். நான் ஓம் என்றேன். அவள் தாய் அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசுவதை நானும் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். கோபிக்க முடியவில்லை. கோபிக்க முடிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அறிக்கையை அடுத்த நாள் எழுதினேன். விழுந்த பிரேரணை புத்தகத்தில் ஏறாது என்பதால் என் பேச்சை நானே விட்டுவிட்டேன். விதி விதிதான் என்று ஒரு வீம்பு. அனுசரணையை ஏற்பதென்ற தீர்மானத்தை மட்டும் வடிவாக எழுதி, கையெழுத்து வைத்து, புத்தகத்தை மூடினேன்.

அடுத்த கூட்டத்தில் வழக்கம்போல எழுந்து நின்று சென்ற கூட்ட அறிக்கையை வாசித்தேன். “இராணுவத்தினரின் அனுசரணையை ஏற்பதென ஏகமனதாகத்...”

அங்கே நின்றுவிட்டேன். நான்தான் எழுதியிருந்தேன். என் கையெழுத்து, என் சுழிப்பு. நான்கு வருடப் பழக்கத்தில் கை தன்பாட்டுக்கு அந்தச் சொல்லைப் போட்டிருந்தது. எதிர்த்து நின்ற ஒரே ஆளை, அந்த ஆளே புத்தகத்திலிருந்து அழித்துவிட்டாள்.

“ஒரு திருத்தம் இருக்கு. ‘ஏகமனதாக’ எண்டது பிழை. நான் சம்மதிக்கேல்லை,” என்றேன்.

தலைவர் பெருமூச்சு விட்டார். “சரி. திருத்தத்தை ஆரும் வழிமொழியிறியளோ?”

திருத்தத்துக்கும் ஆள் வேண்டும். எனக்கு அது தெரியாதா? நானே எத்தனை பேருக்கு அந்த விதியைச் சொல்லிக் கொடுத்தவள். ஒரு கையும் எழவில்லை.

“விடுங்கோ, தங்கச்சி. அந்தப் பெயர்ப் பட்டியலை மட்டும் நாளைக்குத் தாங்கோ.”

“பட்டியலை நான் எழுத மாட்டன். செயலாளர் பதவியை விடுறன்.”

அதையும் எழுத்தில்தான் தர வேண்டும் என்றார்கள். ஒரு கடதாசியில் ஒரே வரியாக எழுதிக் கொடுத்தேன். அதை ஏற்பதென்று தலைவர் முன்மொழிந்து வாய் மூட முந்தி என் சிநேகிதியின் கை உயர்ந்தது. “நான் வழிமொழியிறன்.” என்னை இந்தச் சிக்கலிலிருந்து விடுவிப்பதாகத்தான் நினைத்திருப்பாள். பிறகு சம்மதிக்கிறவர்களைக் கையுயர்த்தச் சொன்னார்கள். எண்ணுவது செயலாளர் வேலை என்பதால் நானே எண்ணினேன். பதினெட்டு.

புதுச் செயலாளர் அவள்தான். பட்டியலையும் அவளே எழுதிக் கொடுத்தாள். முதல் பெயராகத் தன் பெயரைப் போட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

விழா அன்று நான் போகவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி கேட்டது. அனுசரணையாளருக்கு நன்றி சொன்னார்கள், கைதட்டினார்கள். யாரோ பகிடி விட்டிருக்க வேண்டும், மைதானமே சிரித்தது. என்ன பகிடி என்று எனக்குக் கேட்கவில்லை. அதற்காகத்தான் அழுதேன் என்றால் யார் நம்புவார்கள்?

மறுநாள் கால் சுளுக்கிய இரண்டு பெடியங்கள் கடைக்குத் தைலம் வாங்க வந்தார்கள். முன்பென்றால் அரை மணித்தியாலம் நின்று அலட்டுவார்கள். இப்போது வாங்கினார்கள், “வாறம் அக்கா” என்று திரும்பினார்கள். திரும்பியபோது முதுகில் அந்தச் சின்னம் தெரிந்தது. பின்னேரம் ஐந்து மணிக்குக் கடை மூடிய பிறகு போவதற்கு எனக்கு ஓரிடமும் இருக்கவில்லை. நேரே வீட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான்.

ஒரு கிழமை கழித்து அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. நான் விலகிய கூட்டத்தின் அறிக்கையை எழுதி, அந்தப் பக்கத்தைத் தொலைபேசியில் எடுத்து அனுப்பியிருந்தாள். கீழே, “முதல் முறை எழுதுறன். பிழை கிடந்தால் சொல்லடி” என்று இருந்தது. அவள் எழுத்து வலப்பக்கம் சாயும். கடைசி வரி இதுதான்: ‘செயலாளரின் இராஜினாமா ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.’

அந்தச் சொல்லையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திருத்த ஒன்றும் இல்லை. அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்தவர்கள் என்னோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர். அத்தனை கைகளுக்கு நடுவில் என் கை மட்டும் இன்னொரு தரம் கீழே கிடப்பதை என்னால் தாங்க முடியவில்லை. நானும் கையை உயர்த்தியிருந்தேன்.

“சரியாய் இருக்கு” என்று பதில் அனுப்பினேன்.