முதல் பெட்டியின் முதல் கல்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், அது உங்களுக்கே தெரியும் பிள்ளைகளே. பெங்களூர் ஜோகுபாளையத்தில் நம் வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போன எலுமிச்சம்பழத்தை ஜூஸ் போட்டுக் குடித்தவன். அப்படிப்பட்டவன் இதை எழுதுகிறேன். பெரியவள் சிரிப்பாள், சிரிக்கட்டும், நடந்தது நடந்ததுதான்.

பூமியை ஆராய்கிற ஓர் அலுவலகத்தின் கல் கிடங்கில் நான் வேலை பார்த்தேன். அங்கே முதல் கம்ப்யூட்டர் வந்த வருடம் அது. நிலத்தில் ஆழமாகத் துளைபோட்டு, உள்ளே இருக்கும் பாறையை முருங்கைக்காய் மாதிரி உருளையாக எடுப்பார்கள். துண்டுதுண்டாகத்தான் வரும். எத்தனை அடி ஆழம், எது மேல்பக்கம் என்று ஒவ்வொரு துண்டிலும் பெயிண்டால் குறித்து மரப்பெட்டியில் அடுக்குவார்கள். அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றப்போகிறோம், சுத்தம் செய்து வை என்றார்கள். ஒரு துளையின் பதினான்கு பெட்டிகளையும் கரையான் தின்றிருந்தது. நான் கற்களை வெளியே கொட்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தேன். கல் பளபளவென்று ஆனது, பெயிண்டும் போய்விட்டது.

கிடங்குக்குப் பொறுப்பான மேடம் கன்னடக்காரர், என்னிடம் தமிழில்தான் பேசுவார். வந்து பார்த்தவர் கோபப்படவே இல்லை, அதுதான் வலித்தது.

"சண்முகம், ஆழம் தெரியாத கல்லுக்கு என்ன பேர் தெரியுமா? ஜல்லி."

"மறுபடி துளை போட முடியாதுங்களா மேடம்?"

"அங்க இப்ப வீடு வந்துடுச்சுப்பா. சனிக்கிழமை லாரி வருது. அதுக்குள்ள வரிசை கெடச்சா சரி, இல்லேன்னா பள்ளம் ரொப்பத்தான்."

புதுப் பெட்டிகளில் பரப்பிவைத்து, உடைந்த முனையோடு முனையைப் பொருத்திப் பார்த்தேன். மேல்மண்ணின் நிறம் முழுக்க ஏறின பழுப்புக் கல் ஒன்றுதான் இருந்தது, அதுதான் முதல் கல் என்று தெரியும். அதற்கு அடுத்தது எதுவும் சேரவில்லை. எதை எப்படி வைத்தேன் என்று மறக்காமலிருக்க எல்லாக் கல்லுக்கும் இடது முனையில் சாக்பீஸ் புள்ளி வைத்துவிட்டுப் பூட்டினேன். ஒரே சாவி, அது என் இடுப்பில்.

காலையில் அந்த முதல் கல்லின் புள்ளி மட்டும் வலப்பக்கம் இருந்தது. வாட்ச்மேன் அமீர் பாயிடம் போய்க் கத்தினேன்.

"சாவி உன் இடுப்புல, சந்தேகம் எம்மேலயா? நல்லா இருக்கு நைனா" என்றார். "கல்லப் பெரட்டிப் போட நான் என்னா தோசையா சுடறேன்?"

திருப்பி வைத்தேன். மறுநாளும் புள்ளி வலப்பக்கம். மூன்றாம் நாளும் அப்படியே. நம்பினால் நம்புங்கள், அந்த மூன்றாம் நாள் எனக்கு அதைத் தொடக்கூடப் பயம். சரி, நீ இப்படித்தான் இருப்பேன் என்றால் இரு என்று அதை அப்படியே விட்டுவிட்டு, மற்ற கற்களை ஒவ்வொன்றாக அதன் பக்கத்தில் கொண்டுபோனேன். பதினோராவது கல் பல்லுக்குப் பல் கடித்த மாதிரி உட்கார்ந்தது. முதல் கல்லைத் தலைகீழாக வைத்துக்கொண்டு மூன்று நாள் மடையன் மாதிரி தேடியிருக்கிறேன்.

பிறகு நிற்கவில்லை. ஒன்றின் அடி அடுத்ததின் தலை. அமீர் பாயும் லுங்கியை மடித்துக்கட்டி உட்கார்ந்துவிட்டார். "ஏய், இது என் கல்லு, நான் கண்டுபிடிச்சது" என்று என்னோடு சண்டை வேறு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினான்கு பெட்டியும் ஒரே கோடாகப் படுத்திருந்தது. மேடம் துளை போட்டவர்களின் பழைய நோட்டைக் கொண்டுவந்து, வெள்ளைக் கல் வருகிற இடம், கறுப்பு வருகிற இடம் எல்லாம் அடி அடியாக ஒப்பிட்டார். ஒன்றுகூடப் பிசகவில்லை. நான் சொல்லச் சொல்ல அவரே கம்ப்யூட்டரில் தட்டினார். சனிக்கிழமை லாரி காலியாகத் திரும்பிப் போனது. அமீர் பாய் கேட்டில் நின்று அதற்கு ஒரு சல்யூட் வைத்தார். பள்ளிக்கூடத்தில் எட்டாவதைத் தாண்டாத நான் அன்றைக்கு அல்சூர் ஏரி வழியாக சைக்கிளில் ராஜா மாதிரி வந்தேன்.

இன்னொன்று இருக்கிறது, அதை உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பெட்டியை மூடும் முன் மேடம் அந்த முதல் கல்லைக் கையில் எடுத்தார்.

"ஏன்ப்பா இது மட்டும் சூடா இருக்கு? வெயில்ல வெச்சியா?"

"ஆமா மேடம்" என்றேன்.

அந்த வாரம் முழுக்கப் பெங்களூரில் மழை.