சுவர்ணாவின் பிளேட்

தயாளினியின் கண்ணுக்கு அந்த ஆஸ்பத்திரியில் ஒரு மரியாதை இருந்தது. நோயாளியின் கிருமியைப் பிளேட்டில் பரப்பி, மேலே மருந்து ஊறிய சின்ன வட்டத் தாள்களை வைத்து, மறுநாள் ஒவ்வொரு தாளையும் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்து கிடக்கும் வளையத்தை அளப்பது ஆய்வுகூடத்தில் அவளுடைய வேலை. வளையம் அகலமென்றால் அந்த மருந்துக்குக் கிருமி சாகும். முடிவைக் கையில் எடுத்ததும் டொக்டர் இராசநாயகம், "தயாளினி பாத்ததோ?" என்றுதான் கேட்பார். மழையோ வெயிலோ அளவெட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து சேர்கிறவளுக்கு அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது.

பேராதனையில் மேற்படிப்பு முடித்துச் சுவர்ணா வேலைக்கு வந்த பிறகு கேள்வி மாறிப்போனது. "சுவர்ணா என்ன சொல்லுறா?"

சுன்னாகத்துத் தங்கமுத்து ஆச்சிக்குச் சலம் கழிக்கும் பாதையில் கிருமி. மருந்து முடிந்து வீட்டுக்குப் போவா. வெங்காயத் தோட்டத்துக்குள் கால் வைக்க முதலே காய்ச்சல் திரும்பிவிடும். தயாளினி பார்த்த நேரமெல்லாம் வளையம் அகலமாகத்தான் இருந்தது.

"அக்கா பாத்தது சரி," என்றாள் சுவர்ணா. "ஆனால் வளையத்துக்குள்ளை எல்லாம் செத்துத்தான் போச்சுதெண்டு ஆர் கண்டது? சிலது நித்திரை மாதிரிக் கிடக்கும். மருந்துத் தாளை எடுத்துப்போட்டு அதே இடத்திலை குளுக்கோஸ் தாள் வைப்பம். உயிரோடை கிடந்தால் எழும்பும்."

"மருந்துக்குச் சாகாததுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கப் போறீரோ?"

"ஓமக்கா, தேத்தண்ணிதான்," என்று சுவர்ணா சிரித்தாள். கோபித்திருந்தால் தயாளினிக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

குளுக்கோஸ் தாளை வைத்துவிட்டுச் சுவர்ணா மச்சாளின் கலியாணத்துக்குக் கரவெட்டிக்குப் புறப்பட்டாள். "நாளைக்குக் காலமை ஒருக்காப் பாத்துவிடுங்கோ அக்கா."

காலையில் தயாளினி வழியில் பிள்ளையார் கோயிலில் ஸ்கூட்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்தாள். அந்தப் பிளேட்டில் ஒன்றும் முளைத்திருக்கக் கூடாது.

"ஆருக்குப் பிள்ளை சுகமில்லை?" ஐயர் கேட்டார்.

"ஒரு ஆச்சிக்கு ஐயா. கிருமி போகவேணும்."

"நல்ல மனம்," என்று ஐயர் திருநீறு தந்தார். அவள் முகத்தை நிமிர்த்தாமலே வாங்கிக்கொண்டாள்.

தெளிந்த வளையத்துக்குள் கசகசா தூவியதுபோல் முளைத்திருந்தது. இவற்றைச் சுரண்டி மறுபடி பரப்பினால் அதே மருந்து திரும்பவும் வளையம் போடும். மருந்தை எதிர்க்கப் பழகியவை அல்ல. அது கடந்து போகும்வரை மூச்சடக்கிக் கிடந்தவை. இவ்வளவையும் சுவர்ணா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பார்த்து முடிந்த பிளேட்டுகள் அவித்து அழிப்பதற்காகச் சிவப்பு வாளிக்குள் போகும். இதுவும் போனால் ஒருவரும் ஏனென்று கேட்கப் போவதில்லை. கை வாளிக்கு மேலே நிற்கும்போது போன் அடித்தது. டொக்டர் இராசநாயகம்.

"தயாளினி, தங்கமுத்துவுக்கு இண்டைக்குத் துண்டு வெட்டி வீட்டை அனுப்புறன். அதே மருந்துதான். வளையம் நல்லாத்தானே இருந்தது?"

நல்லாத்தான் இருந்தது. அதைச் சொன்னால் பொய்யுமில்லை.

"பொறுங்கோ டொக்டர்," என்றாள். "குளுக்கோஸ் வைச்ச பிறகு உள்ளுக்கை முளைச்சிருக்கு. அதே மருந்தோடை விட்டால் ஆச்சி திரும்பவும் வந்து நிப்பா."

"அப்ப இண்டைக்கு அனுப்பேல்லை. வேறை யோசிப்பம். சுவர்ணா கெட்டிக்காரிதான், என்ன?"

"ஓம் டொக்டர்."

கரவெட்டியில் நின்ற சுவர்ணாவுக்கும் அவளே போன் எடுத்துச் சொன்னாள். பின்னால் மேளச்சத்தம்.

"உண்மையோ அக்கா? நீங்கள் பாத்ததெண்டால் எனக்குச் சந்தேகமே இல்லை."

சுவர்ணா ஒரு சொல் பிழையாகச் சொல்லியிருந்தால் பின்னேரம்வரை அவளை நிம்மதியாக வெறுத்திருக்கலாம்.

"படம் ஒண்டு எடுத்து அனுப்புறீங்களோ அக்கா? இஞ்சை எல்லாருக்கும் காட்டலாம்."

"என்ரை போனிலை கமெரா சரியில்லை," என்றாள் தயாளினி. "நாளைக்கு வந்து நேரை பாரும்."

கமெராவுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் மூடியைச் சரிபார்த்து, பிளேட்டை அலுங்காமல் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தாள்.